மணல்மேட்டில் எதை முதலில் காப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கடற்கரை மணல்மேடுகளில் பார்த்தால் நாலைந்து செடிகொடிகள்தான் தெரிகின்றன. இதில் தாவரப் பன்மை என்று பேச என்ன இருக்கிறது? பணமும் ஆளும் குறைவு என்றால், இனங்கள் அதிகமுள்ள மேட்டுக்கு வேலி போட்டுவிட்டு மற்ற இடங்களில் மரம் நட்டுவிடலாமா?" பார்வைக்கு மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். எத்தனை இனங்கள் என்ற எண்ணிக்கையை வைத்து, எதை முதலில் காப்பது என்று முடிவு செய்யலாமா? மணல்மேட்டுத் தாவரங்களைக் கணக்கெடுப்பதைப் பல வருடங்களாக வேலையாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் என் பதில், கூடாது என்பதுதான். மணல்மேடுகளில் இன எண்ணிக்கை பெரும்பாலும் நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். அலை தொடும் கோட்டிலிருந்து உட்புறப் புதர்க்காடு வரை அறுபடாமல் போகிற அந்தப் பட்டை முழுவதையும், அதற்குள் மணல் நகர்வதற்கான இடத்தையும்தான் முதலில் காக்க வேண்டும். மரம் நடுவது திறந்த மணல்மேட்டைப் பொறுத்தவரை அநேகமாகச் சேதத்தில்தான் முடியும். ஏன் என்று விளக்குகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதை மணல்மேட்டில் முக்கியமாக நான்கு காரணங்கள் முடிவு செய்கின்றன: காற்றில் வரும் உப்புத் தெறிப்பு, மேலே வந்து குவியும் மணல், கிடைக்கும் தண்ணீர், மண்ணிலுள்ள சத்து. கடலிலிருந்து உள்ளே நடக்க நடக்க உப்பும் மணல் குவிவதும் குறையும், இலைதழை மக்கிச் சேரும் மட்கு, சத்து இரண்டும் மெல்ல ஏறும். வட கரோலினா மணல்மேடுகளில் ஊஸ்டிங், பில்லிங்ஸ் இருவரும் ஆராய்ந்து 1942இல் வெளியிட்ட கட்டுரை, செடிகளின் வரிசையில் உப்புத் தெறிப்பின் பங்கு எவ்வளவு பெரியது என்று காட்டியது. அதற்கும் முன்னால், 1899இல், மிச்சிகன் ஏரிக்கரை மேடுகளை ஆராய்ந்த ஹென்றி கௌல்ஸ், கரையிலிருந்து உள்ளே போகப் போக மேடுகளின் வயது கூடுவதையும், அந்த வயதுக்கேற்பத் தாவரக் கூட்டம் மாறுவதையும் விளக்கியிருந்தார். ஏரித் தண்ணீரில் உப்பு கிடையாது, ஆனாலும் அங்கே வரிசை இருக்கிறது. உப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இப்போது கடலோர முதல் பட்டையைக் கிட்டத்தில் பார்ப்போம். அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டில் கேக்கிலே என்ற சிறு செடி முளைக்கும். கடுகுக் குடும்பம், ஓராண்டுப் பயிர். அதன் காயைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மூட்டு தெரியும். மேல் பாதி உலர்ந்ததும் கழன்று கடலில் மிதந்து போய்விடும். கீழ்ப் பாதி தாய்ச்செடியிலேயே ஒட்டிக்கொண்டு, செடி செத்து மணலுக்குள் புதையும்போது அதோடு சேர்ந்து புதைந்து, அதே இடத்தில் முளைக்கும். ஒரே காய்க்குள் ஊர்விட்டுப் போகும் விதையும் இருக்கிறது, இருந்த இடத்திலேயே தங்கும் விதையும் இருக்கிறது. அடம்பங்கொடி இன்னொரு வகை. மிதக்கும் விதைகளால் வெப்பமண்டலக் கடற்கரைகள் அனைத்திலும் பரவிய கொடி அது. கணுவுக்குக் கணு வேர்விட்டுக்கொண்டு கடலை நோக்கியே படரும். மணல் மூடினால் நுனி மேலே ஏறிவரும். மூடிய மணலை விலக்கிப் பார்த்தால் பழைய தண்டு தடித்துக் கிடக்கும், அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு வேர்க்கொத்து இருக்கும். இராவணன் மீசை என்ற புல்லில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் முள்ளுருண்டை உடைந்து காற்றில் உருண்டோடி, எங்கே தடுக்கி மணலில் புதைகிறதோ அங்கே விதையை விடும். இந்தப் பட்டையில் இனங்கள் குறைவு என்பது உண்மைதான். இங்கே நிற்கத் தெரிந்தவை குறைவு, அதனால் குறைவு. இருக்கிற சில இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு உலகில் வேறு வாழிடமே இல்லை.

அப்புறம், மேட்டையே கட்டுவது இந்தச் செடிகள்தான். காற்று கொண்டுவரும் மணல் செடியில் தட்டி விழுகிறது, செடி அதற்கு மேலே வளர்கிறது, மறுபடி மணல் விழுகிறது. ஐரோப்பாவின் மாரம் புல், ஓராண்டில் ஒரு மீட்டர் வரை மணல் மூடினாலும் மேலே வந்துவிடும். அதைவிட முக்கியமான விஷயம், மணல் வருவது நின்றால் அந்தப் புல் நலிந்துபோகும். வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் பழைய மணலில் பெருகிவிடுவதும், புது மணலுக்குள் வேர்விடும்போது புல் அவற்றிடமிருந்து தப்பித்துக்கொள்வதும் இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் அதைச் சோதனைகளால் வலுவாக்கினார்கள். அதனால், மணல் நகராமல் கெட்டியாகப் பிடித்து நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம், கடலை ஒட்டிய முதல் மேடான முன்மேட்டைப் பொறுத்தவரை தலைகீழானது. மணலைப் பிடிக்கும் புல்லே மணல் வராவிட்டால் வாழாது.

எந்தச் செடி கட்டுகிறதோ அதைப் பொறுத்து மேட்டின் வடிவமும் மாறும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் மணலை நிறுத்துவதற்காக மாரம் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். தாழ்வாகவும் இடைவெளிகளோடும் இருந்த முன்மேடுகள், உயரமான செங்குத்துச் சுவர்களாக மாறிப்போயின. அந்தச் சுவரைத் தாண்டி மணல் உள்ளே போகாததால் பின்னால் இருந்த திறந்த மணலும் மூடிக்கொண்டது. அங்கே தரையில் முட்டையிடும் பறவைகளும் திறந்த மணலை நம்பிய சிறு செடிகளும் இடமிழந்தன. நியூசிலாந்தில் அதே புல், பீங்காவ் என்ற உள்நாட்டுக் கோரையைப் பெரும்பாலான இடங்களிலிருந்து விரட்டிவிட்டது. சொந்த ஊரில் மேட்டைக் கட்டிக் காக்கும் இனமே இன்னொரு கண்டத்தில் மேட்டைக் கெடுக்கிறது. நல்ல செடி, கெட்ட செடி என்று பொதுவாகப் பட்டியல் போட முடியாது என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

முன்மேட்டைத் தாண்டினால் மணல் அசைவு குறைந்த பழைய மேடுகள். மட்கு சேர்ந்து மணல் சாம்பல் நிறமாகியிருக்கும் என்பதால் ஐரோப்பாவில் இவற்றைச் சாம்பல் மேடுகள் என்பார்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்கள், தரைப்பாசிகள், மழைக்காலத்தில் முளைத்துச் சில வாரங்களில் காய்த்து முடிந்துவிடும் விரலளவுச் செடிகள், குறும்புற்கள் எல்லாம் இங்கேதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு நிறைந்த மணலில் ஒரே ஒரு சதுர மீட்டரில் இருபது இனங்களுக்கு மேல் எண்ணுவது சாதாரணம். மழை பல நூறு ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிவிட்ட மேட்டில் வேறு கூட்டம் இருக்கும். 1992இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட ஆணை, சாம்பல் மேடுகளை முன்னுரிமை வாழிடம் என்றே குறித்திருக்கிறது.

மேடுகளுக்கு நடுவே உள்ள ஈரப் பள்ளங்கள் இன்னொரு உலகம். காற்று மணலை வாரி வாரி நிலத்தடி நீர் மட்டம் வரை இறங்கிவிட்டால், ஈர மணல் அதற்கு மேல் பறக்காது, பள்ளம் அங்கே நின்றுவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் காயும். புதிதாகப் பிறந்த பள்ளத்தில்தான் சில ஆர்க்கிட்கள் வாழும். லிப்பாரிஸ் லோசெலி என்ற சிறு பச்சை ஆர்க்கிட், வேல்ஸ் நாட்டின் கென்ஃபிக் மணல்மேடுகளில் இப்படிப்பட்ட இளம் பள்ளங்களை நம்பியே இருந்தது. மேடுகள் புல் மூடி அசைவற்றுப் போனதும் பழைய பள்ளங்கள் புதராகிவிட்டன, புதுப் பள்ளங்கள் பிறக்கவில்லை, ஆர்க்கிட்டும் வேகமாகக் குறைந்துபோனது. யாரும் அதைப் பறிக்கவில்லை, மேட்டை யாரும் இடிக்கவும் இல்லை. மணல் நின்றுபோனது ஒன்றே அதற்குப் போதுமான கேடாக இருந்தது.

சரி, எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள முன்மேட்டில் ஐந்தாறு இனங்கள் இருக்கலாம். அதே மேட்டில் ஒரு பாதை போட்டு, தோட்டக் கழிவைக் கொட்டி, கட்டட மண்ணைப் பரப்பினால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகும். கூடியவை எல்லாம் எந்தக் காலி மனையிலும் முளைக்கும் களைகள். வெறும் எண்ணை வைத்து மதிப்பெண் போட்டால் கெட்டுப்போன மேடு முதல் பரிசு வாங்கிவிடும். கணக்கெடுப்பு அறிக்கைகளில் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மணல்மேட்டுப் பன்மையின் பெரும்பகுதி, கணக்கெடுக்கத் தரையில் குறிக்கும் ஒரே சதுரக் கட்டத்துக்குள் இருக்காது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் அது இருக்கிறது. முன்மேட்டில் ஐந்து, சாம்பல் மேட்டில் இருபது, பள்ளத்தில் வேறு முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை அதிகம் என்று பள்ளத்துக்கு மட்டும் வேலி போட்டால், அந்தப் பள்ளத்தைப் பிறப்பித்த மணல் ஓட்டம் வெளியே மாட்டிக்கொள்ளும். சில பத்தாண்டுகளில் வேலிக்குள் இருப்பதும் போய்விடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது மணல்மேட்டில் மட்டுமே வாழும் இனங்களின் பங்கு. அதற்குள்ளும், அந்தக் கரையை விட்டால் வேறெங்கும் இல்லாத ஓரிடவாழ்விகளுக்கு முதலிடம். அங்குசா கிறிஸ்பா என்ற செடி கோர்சிகா, சார்டினியா தீவுகளின் கடற்கரை மணலில் மட்டும் இருக்கிறது. ஒரு விடுதிக்காக ஒரு கடற்கரையைச் சமன்படுத்தினால்கூட அந்த இனத்தின் கணிசமான பங்கு போய்விடலாம். இப்படிப்பட்டவற்றை மீட்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கலிபோர்னியா மணல்மேடுகளின் லேயா கார்னோசா 1992இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. மாரம் புல்லையும் கார்போபுரோட்டஸ் என்ற தென்னாப்பிரிக்கச் சதைக்கொடியையும் அகற்றித் திறந்த மணலைத் திருப்பிக் கொடுத்த இடங்களில் அது தேறிவந்தது. 2022இல் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. அந்தச் செடியை நட்டு வளர்ப்பதைவிட, அதற்கு வேண்டிய மணலைத் திறந்துவிட்டதுதான் பலன் தந்தது.

அமராந்தஸ் புமிலஸ் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். நம் தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த சிறு ஓராண்டுச் செடி, அட்லாண்டிக் கரையில் முன்மேட்டுக்கும் அலைக்கும் நடுவே வாழ்வது. நியூ ஜெர்சியில் 1913க்குப் பிறகு காணப்படாமல் போய், 2000இல் மறுபடி தென்பட்டது. வந்தது உறுதி. எப்படி வந்தது என்பது உறுதியில்லை. புதைந்து கிடந்த விதை மேலே வந்ததா, கடல் கொண்டுவந்ததா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ஆனால் அது எதனால் போகும் என்பதில் சந்தேகம் இல்லை: கரையைச் சீப்புப் போட்டு வாரும் துப்புரவு இயந்திரங்கள், வண்டிச் சக்கரங்கள், கடல் புகாதபடி கட்டிய சுவர்கள். புயல் அலை மேடேறி வந்து துடைத்துவிட்டுப் போகும் வெற்று மணல்தான் அந்தச் செடிக்கு வயல்.

மரம் நடும் யோசனை நல்லெண்ணத்தில் வருவது என்று தெரியும். பிரான்சின் லாண்ட் பகுதியில் மணலை அடக்க 19ஆம் நூற்றாண்டில் பைன் காடே வளர்த்தார்கள். வெப்பமண்டலக் கரைகளில் அந்த இடத்தைச் சவுக்கு பிடித்தது. சவுக்கின் அடியில் போய்ப் பாருங்கள். உதிர்ந்த ஊசித் தழை மெத்தையாக மூடியிருக்கும், அதற்குள் அடம்போ இராவணன் மீசையோ தலைநீட்டுவது அரிது. நிழலும் சேர்ந்துகொள்ளும். காற்றிலிருந்து நைட்ரஜனை நிலைநிறுத்தும் நுண்ணுயிர் அதன் வேரில் இருப்பதால் மணலின் வறுமையும் போய்விடுகிறது. மணல்மேட்டுச் செடிக்கு அந்த வறுமைதான் காவல். ஃபுளோரிடாவில் கரையோரச் சவுக்கு மரங்களின் வேர், கடலாமைகள் முட்டையிடக் குழி தோண்டுவதைத் தடுப்பதும் பதிவாகியிருக்கிறது. போர்ச்சுகல் மணல்மேடுகளில் ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணல்மேடுகளில் இயற்கையான காடுகளும் உண்டு, அவை உட்புறப் பழைய மேடுகளில் இருக்கும். மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய பைன் மேடுகள் அதே ஐரோப்பிய ஆணையில் முன்னுரிமை வாழிடமாகவே உள்ளன. ஆகவே என் எதிர்ப்பு மரத்துக்கு அல்ல. திறந்த மணலாக இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நடுவதற்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாத கேடுகள் இரண்டு உண்டு. ஒன்று, நிலத்தடி நீர். மணல்மேட்டுக்கு அடியில் நன்னீர் தேங்கி நிற்கும், அதனால் நகரங்களுக்கு அதன்மேல் ஆசை. ஆம்ஸ்டர்டாம் 1853 முதல் மணல்மேட்டு நீரைக் குடிக்கிறது. நீரை இறைக்க இறைக்க மட்டம் இறங்கி, ஈரப் பள்ளங்கள் காய்ந்து, அவற்றின் செடிகள் பெருமளவு அழிந்தன. பிறகு ஆற்று நீரைக் கொண்டுவந்து மணலுக்குள் இறக்கினார்கள். மட்டம் ஏறியது, ஆனால் ஆற்றோடு வந்த சத்துகளால் முரட்டுக் களைகள் மண்டின. மற்றொன்று காற்றில் வரும் நைட்ரஜன். வாகனப் புகையும் உர அம்மோனியாவும் மழையோடு இறங்குகின்றன. சாம்பல் மேடுகள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 15 கிலோவுக்கு மேல் தாங்காது என்பது ஐரோப்பாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதைத் தாண்டினால் உயரப் புற்கள் சிறு செடிகளை மூடிவிடும். பிரிட்டனில் 1953இல் வந்த மிக்சோமட்டோசிஸ் நோயால் முயல்கள் மடிந்தபோது மேய்ப்பும் நின்றுபோனதால் இந்த மூடல் இன்னும் வேகமானது.

இனி, உறுதியில்லாதவை. மூடிப்போன மேட்டை இயந்திரம் கொண்டு கிளறி மணலை மறுபடி ஓடவிடும் முயற்சிகள் வேல்ஸிலும் நெதர்லாந்திலும் நடக்கின்றன. திறந்த மணலும் முன்னோடிச் செடிகளும் திரும்பி வந்த இடங்கள் உண்டு. ஆனால் அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கடலிலிருந்து புது மணல் வராத கரையில், கிளறிய இடம் சில ஆண்டுகளில் மறுபடி மூடிக்கொள்வதும் நடக்கிறது. புயல் அலைகளைத் தடுப்பதில் மேட்டின் உயரத்துக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு. மேல் இருக்கும் செடி தனியாக எவ்வளவு தடுக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது, பொதுவான எண் எதையும் நம்பாதீர்கள். என் அறிவுக்கும் எல்லை உண்டு. நான் தாவரங்களைப் படித்தவன். ஒரு கரைக்கு மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் கடலோரப் பொறியியலும் புவியமைப்பும் தெரிந்தவர்தான் கணக்கிட முடியும். அந்தக் கணக்கு இல்லாமல் எழுதப்படும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

பணம் குறைவு என்றால் நான் செலவழிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதல் பணம் மேட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்துக்கு. கடல் மட்டம் ஏற ஏற மணல்மேடு உள்ளே நகர வேண்டும். பின்னால் சாலையும் சுவரும் இருந்தால் நடுவில் நசுங்கிவிடும். கட்டடம் எழும்பிய பிறகு அந்த இடத்தை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது, மற்றவற்றையெல்லாம் பிறகு செய்யலாம். அடுத்து, செலவு குறைந்தவை: மேட்டைச் சமன்படுத்துவதை நிறுத்துவது, குப்பைக் கோட்டை இயந்திரத்தால் வாராமல் பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்குவது, ஆட்கள் நடக்க ஒரு பலகைப் பாதை போட்டு மற்ற இடத்தை விட்டுவிடுவது. முன்மேட்டுப் புல் மிதிபட்டால் அந்த இடைவெளியில் காற்று நுழைந்து பெரிதாக்கும். உட்புறத்தில் புல் மூடிய பழைய மேட்டுக்கோ கொஞ்சம் மேய்ச்சலும் மிதிப்பும் நல்லதாகவே இருக்கலாம். ஒரே விதியை முழுப் பட்டைக்கும் போடாதீர்கள். மூன்றாவது, அயல் தாவரங்களைச் சிறு திட்டாக இருக்கும்போதே பிடுங்குவது. நாற்று நடுவது கடைசி. அதிலும் அதே கரையில் சேகரித்த விதையும் தண்டும்தான், தாய்ச்செடிகள் அருகில் இல்லாமல் போன இடத்தில் மட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அலைக்கோட்டிலிருந்து உள்ளே, கரைக்குச் செங்குத்தாக ஒரு கயிறு கட்டுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு மீட்டர் பக்கமுள்ள கட்டம் போட்டு, இனங்களோடு சேர்த்து வெற்று மணல் எத்தனை சதவீதம், புது மணல் விழுந்த தடயம் உண்டா, அயல் தாவரம் எது என்றும் எழுதுங்கள். மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. ஓராண்டுச் செடிகள் கோடையில் வெறும் விதையாகக் கிடக்கும், ஒரே முறை போனால் அவை பட்டியலிலேயே வராது. பெயர் தெரியாத செடியைப் பிடுங்காமல் இலை, பூ, காய் மூன்றையும் படமெடுத்து, எத்தனையாவது கட்டம் என்ற குறிப்போடு இங்கே போடுங்கள். எந்தப் பட்டையில் கிடைத்தது என்று தெரிந்தால், பெயரை அடையாளம் காண்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.